பேசுவதைவிடக் கேட்பதே செலவு: தொலை நிலைய டேட்டா ரேடியோவுக்கு எந்த முறை?

ஆளில்லாத இடத்தில் நீர்மட்டம், மழை, காற்று, நில அதிர்வு என எதையாவது அளந்து ரேடியோ வழியே அனுப்பும் நிலையத்தை அமைக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது அனுப்பும் திறனைப் பற்றித்தான். ஒரு வாட்டா, அரை வாட்டா, நூறு மில்லிவாட் போதுமா? வாட் கூடினால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுமே என்று பயம். பயம் நியாயமானது. ஆனால் பேட்டரி தீர்வது பெரும்பாலும் வேறு வழியில்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 வோல்ட்டில் ஓடும் 900 மெகாஹெர்ட்ஸ் சீரியல் டேட்டா ரேடியோ ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாட்டில் அனுப்பும்போது 600 மில்லி ஆம்பியர் இழுக்கிறது, சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போது 80 மில்லி ஆம்பியர். மணிக்கு ஒரு முறை 3 நொடி அனுப்புகிறது என்றால் நாளுக்கு மொத்தம் 72 நொடி. அதற்கான செலவு 12 மில்லி ஆம்பியர்-மணி. மீதி நேரமெல்லாம் யாராவது கூப்பிடுவார்களா என்று காதைத் திறந்து வைத்திருப்பதற்கு ஆகும் செலவு 1,920 மில்லி ஆம்பியர்-மணி. அனுப்பும் திறனைப் பாதியாகக் குறைத்தாலும் நாளுக்கு மிச்சமாவது ஐந்தாறு மில்லி ஆம்பியர்-மணிதான்.

ஆகவே வாங்குவதற்கு முன் தீர்மானிக்க வேண்டியது ஒன்றுதான்: இந்த நிலையம் எவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்? அதற்கு நான்கு பதில்கள் உண்டு. நான்கையும் ஒரே நிலையத்தின் மீது வைத்துப் பார்க்கிறேன். அளவுகளைப் பதிவு செய்யும் டேட்டா லாகரும் சென்சாரும் சேர்ந்து சராசரி 5 மில்லி ஆம்பியர், அதாவது நாளுக்கு 120 மில்லி ஆம்பியர்-மணி. 20 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி. நீண்ட நாள் உழைக்க வேண்டுமென்றால் அதில் பாதியைத்தான் எடுக்கலாம். 20 வாட் சோலார் பேனல். மேகம் மூடிய மாதத்தில் முழு வெயிலுக்குச் சமமாக நாளுக்கு 2 மணி நேரமே கிடைக்கிறது, அதிலும் முப்பது சதவீதம் இழப்பு என்று வைத்தால், பேட்டரிக்குள் போவது ஏறத்தாழ 2.3 ஆம்பியர்-மணி.

எப்போதும் விழித்திருப்பது

நிலையங்களைக் கூப்பிட்டுத் தகவல் கேட்கும் மைய ரேடியோவான மாஸ்டர் எந்த நொடியில் கூப்பிட்டாலும் நிலையம் பதில் சொல்லும். அமைக்க மிக எளிது. பெட்டியிலிருந்து எடுத்து, நெட்வொர்க் எண்ணும், டேட்டா ஓடும் வேகமான பாட் ரேட்டும் இரு பக்கமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும். பிழை இருந்தால் உடனே தெரியும். அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே லாகரின் புரோகிராமை மாற்றலாம்.

விலை, நாளுக்கு 2 ஆம்பியர்-மணிக்கு மேல். வெயிலே இல்லாவிட்டால் நம் பேட்டரி ஐந்து நாள் கூடத் தாங்காது. ஐந்து நாள் போதுமே என்று தோன்றலாம். மேகம் விலகிய பிறகு என்ன ஆகிறது என்பதைப் பலர் கணக்கிடுவதில்லை. அந்த மோசமான மாதத்தில் வரவு 2.3, செலவு 2.05, நாளுக்கு மிஞ்சுவது கால் ஆம்பியர்-மணி. இழந்த 10 ஆம்பியர்-மணியை அந்த மிச்சத்தில் நிரப்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அடுத்த மேகமூட்டம் வந்துவிடும். "பேனல் நன்றாகத்தான் இருக்கிறது, பேட்டரியும் புதிது, ஆனாலும் நிலையம் செத்துப்போகிறது" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அங்கெல்லாம் பழுது எதுவும் கிடையாது. வரவும் செலவும் ஏறக்குறைய சமமாக நிற்கிறது, அவ்வளவுதான்.

குளிர் இடமென்றால் இன்னும் மோசம். உறைநிலையில் லெட் ஆசிட் பேட்டரி தன் கொள்ளளவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான் தரும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்கு மாறலாம். ஆனால் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே அதை சார்ஜ் செய்யக் கூடாது, செய்தால் உள்ளே நிரந்தரச் சேதம். பெரிய பேட்டரி, பெரிய பேனல் என்று போவதும் ஒரு வழிதான். அவற்றைத் தோளில் சுமந்து மேலே ஏறப்போவது யார் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

நேரம் குறித்து விழிப்பது

லாகர் மணிக்கு ஒரு முறை ரேடியோவுக்கு மின்சாரம் தருகிறது, மூன்று நிமிடம் காத்திருக்கிறது, மாஸ்டர் வந்து கேட்டால் கொடுக்கிறது, பிறகு அணைக்கிறது. நாளுக்கு 72 நிமிடம் கேட்பதற்கு 96 மில்லி ஆம்பியர்-மணி. லாகர், அனுப்புதல் எல்லாம் சேர்த்து 230-ஐத் தாண்டாது. வெயிலே இல்லாமல் 40 நாளுக்கு மேல் தாங்கும். மோசமான மாதத்திலும் இழந்ததை ஐந்தே நாளில் நிரப்பிவிடும். அதே ரேடியோ, அதே பேட்டரி, அதே பேனல். இந்த ஒரு மாற்றத்தில் கிடைப்பது வேறு எந்த மாற்றத்திலும் கிடைக்காது என்பதால்தான் இதை முதலில் யோசிக்கச் சொல்கிறேன்.

சிக்கல் கடிகாரத்தில். சாதாரண குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினால் நாளுக்கு 1.7 நொடி, மாதத்துக்கு 50 நொடிக்கு மேல், வருடத்துக்குப் பத்து நிமிடம். அதோடு வெப்பநிலையும் சேரும். லாகர்களில் இருக்கும் 32,768 ஹெர்ட்ஸ் படிகம் 25 டிகிரியில்தான் சரியாக ஓடும். அதிலிருந்து விலகினால் சூடோ குளிரோ, இரண்டிலும் மெதுவாகும். 20 டிகிரி விலகினால் சுமார் 14 பங்கு. 40 டிகிரி விலகினால் நாலு மடங்கு, அதாவது 56 பங்கு. கடும் குளிரில் நாளுக்கு ஐந்து நொடி வரை பின்தங்கலாம். தினமும் தொடர்பு கிடைத்து, ஒவ்வொரு முறையும் மாஸ்டர் கடிகாரத்தைத் திருத்தினால் இது ஒரு பொருட்டே இல்லை. ஆன்டெனா சாய்ந்தோ மாஸ்டர் பழுதாகியோ ஒரு மாதம் தொடர்பு அறுந்தால்தான் ஆபத்து. இரு பக்கமும் சரியாகிவிட்ட பிறகும், ஒன்று விழிக்கும்போது மற்றொன்று பேசாது.

இதற்கு எளிய தற்காப்பு உண்டு. மாஸ்டரின் அழைப்பு மூன்று நிமிடத்தின் நடுவில் விழும்படி வையுங்கள். இரு பக்கமும் ஒன்றரை நிமிட இடம் கிடைக்கும். 24 மணி நேரம் யாரும் கூப்பிடவில்லை என்றால் லாகரே விழிக்கும் நேரத்தைப் பத்து நிமிடமாக்கட்டும். ஒரு வாரமானால் நண்பகலில் ஒரு மணி நேரம் முழுதாக விழித்திருக்கட்டும். பேட்டரி நன்றாக இருந்தால் மட்டும் என்று ஒரு நிபந்தனை சேர்த்துக்கொள்ளுங்கள். இரு பக்கக் கடிகாரமும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்திலேயே ஓட வேண்டும். கோடை நேரம், குளிர்கால நேரம் என்று கணினி தானாக ஒரு மணி மாற்றிக்கொள்ளும் இடங்களில் இந்தச் சிறு விஷயம் ஒரு வலையமைப்பு முழுவதையும் ஒரே இரவில் ஊமையாக்கிவிடும்.

மின்சாரத்தை எப்படி அணைப்பது என்பதிலும் ஒரு குழி இருக்கிறது. நானே விழுந்த குழி. ஒரு நிலையம் பத்து முறை கூப்பிட்டால் இரண்டு முறை பதில் தராது. ஆன்டெனாவை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், பயனில்லை. ஒரு நாள் வேலை முடிய இருட்டிவிட்டது. பெட்டியை மூடப் போகும்போது பார்த்தால், அணைந்திருக்க வேண்டிய ரேடியோவின் சிவப்பு எல்இடி மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாத அளவு. லாகரின் சீரியல் கம்பி டிடிஎல் வகை, ஓய்வில் 5 வோல்ட்டில் நிற்கும். அந்த 5 வோல்ட், ரேடியோவின் உள்ளீட்டில் இருக்கும் பாதுகாப்பு டையோடு வழியாக உள்ளே புகுந்து ரேடியோவைப் பாதி உயிரோடு வைத்திருந்தது. முழு மின்சாரம் திரும்ப வரும்போது அதன் புராசஸர் சரியாக ரீசெட் ஆகாமல் சில முறை மாட்டிக்கொண்டது. ரேடியோவை அணைப்பதற்கு முன் சீரியல் முனையைப் பூஜ்ஜியத்துக்கு இறக்கும் இரண்டு வரிகளை லாகர் புரோகிராமில் சேர்த்ததும் அந்த நோய் தீர்ந்தது. இதே காரணத்தால் ரேடியோவின் நெகட்டிவ் கம்பியில் சுவிட்ச் வைக்காதீர்கள். ஆன்டெனா கேபிளின் வெளிக்கூடும் சீரியல் கேபிளின் கிரவுண்டும் அந்த வழியை எப்படியும் மூடிவிடும். ரேடியோ அணையவே அணையாது.

மின்சாரத்தை வெட்டாமல், சீரியல் போர்ட்டின் டிடிஆர் என்ற கட்டுப்பாட்டுக் கம்பியின் வோல்டேஜை இறக்கினால் தூங்கும் வசதி பல ரேடியோக்களில் இருக்கிறது. அது இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். சில மில்லி ஆம்பியர் செலவாகும். ஆனால் விழித்தெழ ஆகும் நேரம் குறைவு, மேலே சொன்ன வம்பும் இல்லை.

கண் மூடித் திறப்பது

மூன்றாவது முறையில் ரேடியோவே தன் தூக்கத்தைப் பார்த்துக்கொள்கிறது. நொடிக்கு ஒரு முறை சில மில்லிநொடி மட்டும் காதைத் திறக்கிறது. அலை எதுவும் இல்லையென்றால் மறுபடி தூக்கம். கூப்பிடுகிறவர் முதலில் ஒரு நொடிக்கு மேல் நீளும் முன்னோட்ட அலையை அனுப்புகிறார். அதில் எங்காவது நிலையத்தின் காது திறந்துவிடும். கேட்கும்போது 30 மில்லி ஆம்பியர் இழுக்கும் ரேடியோ நொடிக்கு 5 மில்லிநொடி கேட்டால் சராசரி 0.15 மில்லி ஆம்பியர்தான். கடிகாரமே தேவையில்லை, எந்த நேரத்திலும் கூப்பிடலாம், ஒன்றிரண்டு நொடி தாமதம் மட்டும். கேட்கவே நன்றாக இருக்கிறது. பல இடங்களில் உண்மையிலேயே நன்றாக இருக்கும்.

எனக்கு இதில் இரண்டு தயக்கங்கள். முதலாவது, இரைச்சல். அருகில் வேறு டிரான்ஸ்மிட்டர்கள் இருந்தால் ஒவ்வொரு முறை காதைத் திறக்கும்போதும் ஏதோ கேட்கும். யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து விழித்தே இருக்கும். மேசை மேல் அளந்த கரண்ட் மலை உச்சியில் பல மடங்காகலாம். அதனால் இந்த முறையை எடுப்பவர்கள் நிறுவிய இடத்திலேயே ஒரு நாள் முழுக்கச் சராசரி கரண்டை அளந்து பார்க்க வேண்டும். சாதாரண மல்டிமீட்டரின் மில்லி ஆம்பியர் வீச்சில் வைத்து அளந்தால், மீட்டரில் விழும் வோல்டேஜால் ரேடியோ அனுப்பும் கணத்தில் ரீசெட் ஆகலாம். கரண்ட் போகும் வழியில் வைத்து அளக்கும் சின்ன ஷன்ட் ரெசிஸ்டரும் பதிவு செய்யும் மீட்டரும் தேவை.

இரண்டாவது, அமைப்புப் பிழை மாறுவேடத்தில் வரும். நிலையம் 8 நொடிக்கு ஒரு முறை விழிக்கும்படி வைத்துவிட்டு, மாஸ்டரில் முன்னோட்டத்தை 1 நொடி என்று விட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எட்டில் ஒரு அழைப்பு மட்டும் போய்ச் சேரும். பார்ப்பதற்கு அப்படியே பலவீனமான சிக்னல் போல இருக்கும். ஆட்கள் கம்பத்தில் ஏறி ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருப்பார்கள். மோட்பஸ் போன்ற கேள்வி-பதில் முறையில் கேட்டால் இன்னொன்றும் உண்டு: மாஸ்டரின் காத்திருப்பு நேரம், தூக்கச் சுற்றும் பதில் வரும் நேரமும் சேர்ந்ததைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பதில் வந்துகொண்டிருக்கும்போதே அடுத்த கேள்வி போய் இரண்டும் மோதும்.

நிலையமே பேசுவது

யாரும் கூப்பிட வேண்டாம். சொல்ல வேண்டியது இருக்கும்போது நிலையமே சொல்லும். பழைய யோசனைதான். 1971-இல் ஹவாய் பல்கலைக்கழகத்தின் அலோஹாநெட் தீவுகளுக்கு இடையே இப்படித்தான் ரேடியோவில் டேட்டா அனுப்பியது. அதே பத்தாண்டில் அமெரிக்க தேசிய வானிலைச் சேவை உருவாக்கிய அலர்ட் என்ற வெள்ள எச்சரிக்கை முறையில், மழைமானியின் வாளி ஒவ்வொரு முறை சாயும்போதும் ஒரு குட்டிச் செய்தி பறக்கும். மழை இல்லாத நாளில் ரேடியோவுக்கு வேலையே இல்லை.

நம் நிலையத்தில் மணிக்கு ஒரு முறை, மாஸ்டரோடு இசைந்துகொள்ள ஆகும் நேரத்தையும் சேர்த்து 15 நொடி ரேடியோவை இயக்கினால், எல்லாமாக நாளுக்கு 20 மில்லி ஆம்பியர்-மணி. லாகரின் செலவு அதைப் போல ஆறு மடங்கு. இந்த நிலைக்கு வந்த பிறகு ரேடியோவில் இன்னும் பிடித்தம் செய்து பயனில்லை. லாகர் எத்தனை நொடிக்கு ஒரு முறை அளக்கிறது, 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் லீனியர் ரெகுலேட்டர் பாதிக்கு மேல் வெப்பமாக வீணாக்குகிறதா என்று அங்கே தேட வேண்டும்.

குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் சிறு செய்தி அனுப்பும் லோரா என்ற ரேடியோ வகை இந்த முறைக்கென்றே பிறந்தது போல. 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் 20 பைட் செய்தி, பரவல் எண் 7-இல் 57 மில்லிநொடியில் போய்விடும், 12-இல் 1.3 நொடி ஆகும், ஆனால் எட்டும் தூரம் மிகக் கூடுதல். லோராவில் இயங்கும் லோராவான் வலையமைப்பின் ஏ வகுப்புக் கருவி அனுப்பிய 1 நொடி கழித்து ஒரு முறையும், 2 நொடி கழித்து ஒரு முறையும் மட்டும் காதைத் திறக்கும். மற்ற நேரம் தூக்கம். சிறு செய்திகளுக்கு இதை மிஞ்சுவது கடினம். ஆனால் லாகரில் ஒரு மாதம் சேர்ந்த பதிவுகளை இறக்கவோ, புது புரோகிராம் ஏற்றவோ இதை நம்பாதீர்கள். உரிமமில்லாத அலைவரிசையின் விதிகளும் தடுக்கும்: ஐரோப்பாவின் 868 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் பல சேனல்களுக்கு 1 சதவீத வரம்பு, அதாவது மணிக்கு 36 நொடிதான் பேசலாம்.

இந்த முறையின் உண்மையான பலவீனம் மோதல். யாரும் யாரையும் கேட்காமல் பேசினால் ஒரு சேனலின் நேரத்தில் அதிகபட்சம் 18 சதவீதம்தான் பயனுள்ளதாகும் என்பது அலோஹா கணக்கு. அதையும் தாண்டிக் கூட்டம் சேர்ந்தால் உருப்படியாகப் போய்ச் சேருவது குறையத் தொடங்கும். வெள்ள எச்சரிக்கையில் இது கவலை தரும் குணம். கன மழையில் எல்லா மழைமானிகளும் ஒரே நேரத்தில் பேசும். தகவல் மிகவும் தேவைப்படும் அதே கணத்தில் தகவல் தொலையும். பின்னர் வந்த அலர்ட் 2 இதற்காகவே ஜிபிஎஸ் நேரத்தைக் கொண்டு ஒவ்வொரு நிலையத்துக்கும் தனித்தனி நேரத் துண்டு ஒதுக்குகிறது. அந்த வசதி இல்லாதவர்கள் குறைந்தபட்சம் செய்தியில் கூட்டுத்தொகையை அனுப்புங்கள். "இப்போது ஒரு வாளி சாய்ந்தது" என்று அனுப்பினால் ஒரு செய்தி தொலையும்போது ஒரு வாளி மழையும் தொலைகிறது. "இதுவரை 417 வாளி" என்று அனுப்பினால் அடுத்த செய்தி அதை ஈடுகட்டிவிடும்.

மாஸ்டரே எட்டாத இடமென்றால் செயற்கைக்கோள். இரிடியம் நிறுவனத்தின் சிறு செய்திச் சேவையில் ஒரு செய்திக்கு 340 பைட் வரை அனுப்பலாம். ஆன்டெனாவுக்குத் திறந்த வானம் வேண்டும், ஒவ்வொரு செய்திக்கும் காசு. மொபைல் கோபுரம் எட்டினால் என்பி-ஐஓடி (சிறு கருவிகளுக்கான மொபைல் டேட்டா முறை) மோடத்தின் ஆழ்தூக்க வசதி நல்லது. சிக்னல் பலவீனமான இடத்தில் அது நெட்வொர்க்கைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்னும்.

நான் எதை எடுப்பேன்?

அளவிடும் நிலையமென்றால் இரண்டாவதையும் நான்காவதையும் கலப்பேன். வழக்கமான நாளில் மணிக்கு ஒரு முறை நேரம் குறித்து விழிப்பு. நீர்மட்டம் குறித்த எல்லையைத் தாண்டினாலோ, பத்து நிமிடத்தில் குறித்த அளவுக்கு மேல் ஏறினாலோ, நிலையமே ரேடியோவை எழுப்பிப் பேச வேண்டும். அதன் பிறகு ஆறு மணி நேரம் எப்போதும் விழித்திருக்க வேண்டும். ஆபத்தான அந்தச் சில நாட்களுக்கு முழு விழிப்பைத் தாங்கும் அளவுக்கு மற்ற நாட்களில் பேட்டரி சேமித்து வைத்திருக்கும். சேமிப்பதன் நோக்கமே அதுதான் என்று நினைக்கிறேன். பேட்டரி நிரம்பி, வெள்ளம் வரும்போதும் நிலையம் தூங்கிக்கொண்டிருந்தால் சேமித்து என்ன பயன்?

சைரனையோ மதகையோ தொலைவிலிருந்து இயக்கும் நிலையத்துக்கு இந்தக் கலவை ஆகாது. அங்கே கட்டளை உள்ளே வர வேண்டும், வந்ததும் நடக்க வேண்டும். அங்கே முதல் முறை. அல்லது நன்றாக அளந்து சோதித்த பிறகு மூன்றாவது. இடையில் நின்று சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டரும் தூங்கக் கூடாது. வலையமைப்பில் பெரிய பேட்டரியும் பெரிய பேனலும் போக வேண்டிய முதல் பெட்டி அது. வைத்தபின் அதைப் பற்றி மறந்துவிடும் அளவுக்குப் பெரிதாக வையுங்கள். முடிந்தால் ஆன்டெனாவை உயர்த்தி ரிப்பீட்டரையே தவிர்ப்பது இன்னும் மேல். 10 கிலோமீட்டர் பாதையில் 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு நடுவழியில் ஏறத்தாழ 29 மீட்டர் ஆரமுள்ள வெளி தேவை, அதில் அறுபது சதவீதமாவது தடையின்றி இருக்க வேண்டும். இரு முனையும் கண்ணுக்குத் தெரிகிறது என்பது மட்டும் போதாது.

ஆன்டெனாவில் 6 டெசிபல் கூட்டினால் நான்கு மடங்கு வாட்டுக்குச் சமம், பேட்டரிக்குச் செலவே இல்லை, கேட்பதிலும் அதே லாபம். ஆனால் 10 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் இந்த அலைவரிசையில் 4 முதல் 5 டெசிபலை விழுங்கிவிடும். நல்ல தடித்த கேபிளென்றால் ஒன்றேகால்தான். பலவீனமான இணைப்பில் ஒவ்வொரு செய்தியும் இரண்டு மூன்று முறை திரும்பப் போகும், விழித்திருக்கும் நேரமும் அத்தனை மடங்கு நீளும். அதனால் நல்ல கேபிளை நான் பேட்டரிச் செலவுக் கணக்கில்தான் எழுதுவேன்.

எந்த முறையாக இருந்தாலும் எல்லா ரேடியோவையும் முதலில் ஒரே மேசையில், அனுப்பும் திறனைக் குறைத்து, ஆன்டெனாவோ, அதற்குப் பதிலாக மாட்டும் டம்மி லோடோ மாட்டிப் பேச வையுங்கள். தூக்கத்தை இயக்காமல் ஒரு வாரம், இயக்கி ஒரு வாரம். நிலையத்தில் மின்சாரம் புதிதாக வரும் ஒவ்வொரு முறையும் முதல் 30 நிமிடம் ரேடியோ கட்டாயம் விழித்திருக்கும்படி செய்யுங்கள். அமைப்பில் தப்புச் செய்துவிட்டால் உள்ளே நுழைய அந்த வாசல் ஒன்றுதான் மிஞ்சும். பேட்டரி 11.4 வோல்ட்டுக்கு இறங்கினால் ரேடியோவை வெட்டுங்கள், 12.4-க்கு ஏறிய பிறகே திரும்ப இணையுங்கள். இந்த இடைவெளி இல்லாவிட்டால் வெட்டியதும் வோல்டேஜ் கொஞ்சம் ஏறும், ரேடியோ திரும்ப எழும், அனுப்பப் போகும், சரியும், மறுபடி வெட்டும். இரவு முழுக்க இதே ஆட்டம்.

பேட்டரி வோல்டேஜையும் ஒரு சென்சார் போல நினைத்து ஒவ்வொரு செய்தியிலும் அனுப்புங்கள். நான் பார்ப்பது விடியலுக்குச் சற்று முன் உள்ள எண்ணை மட்டும். பகலில் பேனல் தூக்கிப் பிடிப்பதால் எல்லா நிலையமும் ஆரோக்கியமாகத்தான் தெரியும். விடியல் வோல்டேஜ் பத்து நாளாக ஒரே திசையில் இறங்கிக்கொண்டிருந்தால், அடுத்த மேகமூட்டத்துக்கு முன் ஒரு நாள் ஒதுக்கி அங்கே போய்வர வேண்டும்.